நைல் நதிக்கரையில் ஆற அமர

விடுமுறை என்ற சொல் காதில் விழுந்ததும், வடநாட்டில் வாழும் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுவது சொந்த ஊரின் நினைவேயாகும். ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த விடுப்பு நாட்களை ரயில் பிரயாணத்துக்கும், உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கும், குலதெய்வ வழிபாட்டுக்கும் செலவிட்டுவிட்டு, சென்ற களைப்புத் தீராமலே அலுவலகம் திரும்புகிறோம். இவ்வழக்கத்தினின்றும் ஒருமுறை விலகி, பழஞ்சின்னங்கள் நிறைந்த அயல்நாடு ஒன்றைக் குடும்பத்தோடு கண்டு வரவேண்டும் என்ற ஆசை எங்களுக்கு நெடுநாளாக இருந்து வந்தது. சென்ற ஜனவரியில், தில்லிப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை விட்ட சமயத்தில், அவ்வாசை நிறைவேறியது. 15 நாட்கள் எகிப்து நாட்டுப் பிரயாணம்.

அங்குக் கண்ட காட்சிகளைப் பற்றி எழுதியோர் பலர். கண்ட முறையைப் பற்றியே நாங்கள் எழுத விரும்புகிறோம். வழியைச் சரிவர வகுத்துக்கொள்ளாவிடில் எத்துணைப் பெரிய அதிசயமும் கண்ணுக்கு எட்டுமேயன்றி மனத்துக்கு எட்டாது. இதனை முன்னரே பட்டு உணர்ந்தவர்கள் நாங்கள்.

ஒரு பழைய தவறு

மூன்று ஆண்டுகளுக்கு முன் ராஜஸ்தானத்துக்குச் சென்றிருந்தோம். 6 நாட்களில் 7 ஊர்கள். அச்சிட்ட நிகழ்ச்சி நிரலைக் கண்டபோது, கொடுத்த பணத்துக்கு இத்தனை ஊர்களா என்று மகிழ்ந்தோம். விடியுமுன் எழுந்து, பஸ்ஸில் ஏறி, கோட்டை ஒன்றின் வாயிலில் இறங்கி, வழிகாட்டியின் பின்னே ஓடி, மீண்டும் பஸ்ஸில் ஏறுவதே நாள்தோறும் எங்கள் வேலையாயிற்று. மூன்றாம் நாள் உச்சி வெயிலில், ஒரு கோட்டையின் ஏற்றத்தில், எங்கள் தாயார் மயங்கிச் சாய்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 69. முழங்கால் வலி உள்ளவர். மருத்துவமனையில் ஓரிரவு தங்கி, மற்ற ஊர்களைக் காணாமலே திரும்பினோம்.

வீடு வந்து சேர்ந்ததும் அவர் கூறியது இது: “நான் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னலும், எனக்கு முன்னால் போகிறவர்களுடைய முதுகும்தான். இனிமேல் நீங்கள் போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.”

அதன்பின் எங்கு அழைத்தாலும் அவர் வரவில்லை. தலைநகரில் அடுக்குமாடி வீடொன்றின் நான்கு சுவர்களுக்குள், மொழி தெரியாத அண்டை வீட்டாருக்கு நடுவே, பகல் முழுவதும் தனித்திருக்கும் முதியவர்களின் நிலை இப்பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரியாததன்று. ஆதலின், எகிப்துப் பிரயாணத்தைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, எந்த இடங்களைப் பார்ப்பது என்பது எங்களுக்கு இரண்டாவது கேள்வியாகவே இருந்தது. தாயார் உடன் வருவாரா என்பதே முதற்கேள்வி.

மூன்று விதிகள்

ஆகவே மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். முதலாவது: ஒரு நாளைக்கு ஒரு பெருஞ்சின்னம், அதுவும் காலை வேளையிலோ மாலை வேளையிலோ மட்டும். இரண்டாவது: இரண்டு மூன்று நாட்கள் சுற்றினால் ஒரு நாள் வெற்று நாள், அன்று எதையும் பார்க்கவேண்டிய கடமை இல்லை. மூன்றாவது: ஒரே வகையான சின்னங்களை ஒரே நாளில் அடுக்குவதில்லை. காலையில் ஒரு கோயில், நண்பகலில் ஒரு கோயில், மாலையில் ஒரு கோயில் என்று பார்த்தால், இரவில் மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

எங்கள் பெண் பழைய நாட்காட்டி ஒன்றின் பின்புறத்தில் 15 கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தின் பெயரை எழுதிப் பாட்டியிடம் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“நாலாவது கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லையே?”

“அன்றைக்குச் சும்மா இருக்கப் போகிறோம், பாட்டி.”

“ஏழாவதிலும் இல்லையே?”

“அன்றைக்கும் சும்மாதான்.”

“அப்படியானால் வருகிறேன்” என்றார் தாயார்.

ஆறே வழி

எகிப்தின் பெரும்பகுதி பாலைவனம். மக்களுள் மிகப் பெரும்பாலோர் நைல் நதியின் இரு கரைகளிலும், அது கடலில் கலக்குமிடத்தில் விரிந்துள்ள கழிமுகத்திலும் வாழ்கின்றனர். பழஞ்சின்னங்களும் அவ்வாறே ஆற்றை ஒட்டி வரிசையாக அமைந்துள்ளன. எனவே இந்நாட்டில் வழி வகுப்பது எளிது. நதி வகுத்த வழியே வழி. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால், தென்பகுதியை மேல் எகிப்து என்றும் வடபகுதியைக் கீழ் எகிப்து என்றும் வழங்குவர். காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசும். ஆதலின் பண்டைக்காலத்தில் தெற்கே செல்லும் படகு பாய் விரித்துச் சென்றது; வடக்கே திரும்பும் படகு பாயைச் சுருட்டிக்கொண்டு நீரோட்டத்தோடு வந்தது. அவர்களுடைய சித்திர எழுத்திலேயே தெற்கே செல்வதைக் குறிக்கப் பாய் விரித்த படகையும், வடக்கே செல்வதைக் குறிக்கப் பாயில்லாத படகையும் வரைந்தனர்.

நாங்களும் அதையே பின்பற்றினோம். கெய்ரோவில் தொடங்கி, ஆகாய விமானத்தில் தென்கோடியான அஸ்வானுக்குச் சென்று, அங்கிருந்து நீரோட்டத்தோடு படகில் லக்ஸருக்கு வந்து சேர்ந்தோம். அஸ்வானிலிருந்து வடக்கே வரும் சுற்றுலாப் படகுகள் பெரும்பாலும் மூன்று இரவுகளிலும், லக்ஸரிலிருந்து தெற்கே செல்பவை நான்கு இரவுகளிலும் பிரயாணத்தை முடிக்கின்றன.

செல்லத்தக்க பருவம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. கோடையில் லக்ஸரிலும் அஸ்வானிலும் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். ஜனவரியில் பகல் இதமாக இருக்கும். இரவுக்குக் கம்பளி ஆடை வேண்டும்.

வயது வரிசையில் பிரமிடுகள்

கெய்ரோவில் இறங்குவோர் பெரும்பாலும் மறுநாளே கீஸாவின் பெரிய பிரமிடுக்கு ஓடுகின்றனர். நாங்கள் அதனை மூன்றாம் நாளுக்கு ஒதுக்கி, இரண்டாம் நாள் சக்காராவுக்கும் அதன் தெற்கே உள்ள தாஷூருக்கும் சென்றோம். இரண்டும் அருகருகே உள்ளவையாதலின் ஒரே காலைப்பொழுதில் காணலாம். முதல் விதிக்கு இது சிறிது விலக்கே. ஆயினும் இவ்வரிசையால் பெரும் பயன் கிடைத்தது.

சக்காராவில் உள்ளது ஜோசர் மன்னனின் படிப் பிரமிடு. கி.மு. 27ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்குமுன் அரசர்களின் கல்லறைகள் பச்சைச் செங்கல்லால் ஆன தாழ்ந்த மேடைகளாகவே இருந்தன. இம்ஹோதெப் என்ற சிற்பி மேடைமேல் மேடையாக ஆறு அடுக்குகளைக் கல்லால் எழுப்பினான். உயரம் சுமார் 62 மீட்டர். அடுத்து தாஷூரில் ஸ்னெஃப்ரு மன்னன் கட்டிய பிரமிடு, பாதி உயரம்வரை செங்குத்தாக எழுந்து, பிறகு சரிவு குறைந்து வளைந்து நிற்கிறது. இடையிலே அமைப்பை மாற்ற வேண்டிய நிலை வந்ததை அந்த வளைவே காட்டிக் கொடுக்கிறது. அதே மன்னன் அருகில் கட்டிய சிவப்புப் பிரமிடு முழுமையாக நேர் சரிவில் அமைந்தது. அவன் மகன் கூஃபு கட்டியதே கீஸாவின் பெரிய பிரமிடு. முதலில் 146 மீட்டர் உயரம் இருந்து, இன்று 138 மீட்டராகக் குறைந்துள்ள அதில் சுமார் 23 லட்சம் கற்கள் உள்ளன.

முதல் முயற்சிக்கும் முழு வெற்றிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுதான். நேராகக் கீஸாவுக்குச் சென்றிருந்தால், பெரிய பிரமிடு வானத்திலிருந்து விழுந்த அதிசயமாகத் தோன்றியிருக்கும். வயது வரிசையில் கண்டதால், மனிதர் தவறிழைத்துத் திருத்திக்கொண்டு கற்ற கலை என்பது விளங்கிற்று. எங்கள் பத்து வயதுப் பையன் தாஷூரில் நின்று, “இது அவர்களுடைய ரஃப் நோட்டு” என்றான்.

பெரிய பிரமிடின் உட்புற வழி தாழ்ந்தது. குனிந்தவாறே செங்குத்தாக ஏறவேண்டும். முழங்கால் வலியும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் அதனை விட்டுவிடுவதே நன்று. குழந்தைகள் உள்ளே சென்று வரும்வரை, தாயார் வெளியே நிழலில் அமர்ந்து கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டக சவாரிக்கு விரும்புவோர் ஏறுமுன் கூலியைப் பேசி, இறங்குவதற்கும் சேர்த்துத்தான் அக்கூலி என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

நான்காம் நாள் வெற்று நாள். ஐந்தாம் நாள், 2025 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட எகிப்தியப் பெரும் பொருட்காட்சிசாலை. முழுவதையும் பார்க்க ஒரு வாரம் போதாது. 1922இல் கண்டெடுக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையின் 5,000க்கும் மேற்பட்ட பொருள்கள் ஒருங்கே வைக்கப்பட்டுள்ள கூடங்களை மட்டும் மூன்று மணி நேரம் கண்டு வெளியேறினோம். பொன் முகமூடியைச் சூழ்ந்து கூட்டம் நின்றது. தாயாரோ அவ்விளம் மன்னனின் செருப்புகளையும் விளையாட்டுப் பலகைகளையும் விட்டு நகரவில்லை. “இருபது வயதுகூட ஆகாத பிள்ளை” என்று மட்டும் சொன்னார்.

வெற்று நாள் தந்தது

ஆறாம் நாள் அஸ்வான். ஏழாம் நாள் மீண்டும் வெற்று நாள். காலை உணவுக்குப்பின் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தோம். எதிரே எலிஃபன்டைன் தீவு. சிறு படகில் சில நிமிடங்களில் போகலாம். தாயாரே, “அக்கரைக்குப் போய்ப் பார்க்கலாமா?” என்றார். அவர் தாமாக ஓரிடத்துக்குப் போகக் கேட்டது மூன்று ஆண்டுகளில் அதுவே முதல்முறை.

அத்தீவில் ஆற்றுக்குள் இறங்கும் பழைய படிக்கட்டு ஒன்று உண்டு. அதன் சுவரில் அளவுக்கோடுகள் வெட்டப்பட்டுள்ளன. வெள்ளம் எந்தக் கோடுவரை ஏறியது என்பதைக் கொண்டு, அவ்வாண்டின் விளைச்சலை மதிப்பிட்டு, வரியையும் அதற்கேற்ப விதித்தனர். வெள்ளம் குறைந்தால் பஞ்சம். மிகுந்தால் கரை உடையும். எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் கோடை மழையால் ஆண்டுதோறும் நைல் பெருகி, வண்டலைக் கொணர்ந்து வயல்களில் பரப்பிற்று. 1970இல் அஸ்வான் உயர் அணை நிறைவெய்திய பின்னர் அப்பெருக்கு எகிப்து வயல்களுக்கு வருவதில்லை.

தாயார் மேற்படியில் நின்றவாறு இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பிறந்தது திருவையாற்றுக்கு அருகே காவிரிக்கரையில். திடீரென்று அவர் பேசத் தொடங்கினார். ஆடி மாதத்தில் புதுப்புனல் வரும்போது, அவருடைய தகப்பனார் விடியற்காலையில் படித்துறைக்குச் சென்று எத்தனை படி முழுகிற்று என்று எண்ணி வருவாராம். அந்த எண்ணைக் கொண்டே அவ்வாண்டு நாற்றங்கால் எப்போது விடுவது, யாருக்கு எவ்வளவு கடன் அடைக்கலாம் என்றெல்லாம் வீட்டில் பேசுவார்களாம். பதினெட்டாம் பெருக்கன்று கலந்த சாதம் கட்டிக்கொண்டு படித்துறைக்குச் சென்றது, காதோலை கருகமணி ஆற்றில் விட்டது, மேட்டூர் அணை வருவதற்குமுன் வெள்ளம் எப்படி வரும் என்று பாட்டி சொல்லக் கேட்டது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அதற்கு முந்திய வெள்ளத்தின் கதை, மூன்று தலைமுறை கடந்து, நைல் நதியின் படிக்கட்டில் எங்கள் குழந்தைகளின் காதில் விழுந்தது.

தில்லியில் இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும் நாங்கள் கேட்டறியாத செய்திகள் அவை. கேட்க நேரமில்லை என்பதல்ல; கேட்கும் இடம் வாய்க்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் அன்று ஏதேனும் ஒரு கோயில் இருந்திருந்தால், தீவுக்கே சென்றிருக்கமாட்டோம்.

அபு சிம்பெல்: ஒரு வாக்குவாதம்

அஸ்வானிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் தெற்கே அபு சிம்பெல். இரண்டாம் ராம்சேஸ் மன்னன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில். வாயிலில் 20 மீட்டர் உயரமுள்ள நான்கு அமர்ந்த உருவங்கள். உயர் அணையின் நீர்த்தேக்கத்தில் அது மூழ்க இருந்தபோது, 1964 முதல் 1968 வரை, யுனெஸ்கோ அழைப்பின்பேரில் பல நாடுகள் கூடி, கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து, 65 மீட்டர் மேலே தூக்கி மீண்டும் பொருத்தின. ஆண்டில் இருமுறை, பிப்ரவரி 22ஆம் நாளும் அக்டோபர் 22ஆம் நாளும், காலைக் கதிர் உட்கருவறைவரை புகும்.

வழக்கமான முறை, விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டு, இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, பிற்பகலில் திரும்புவது. போகவர ஏழு மணி நேரம் வண்டியிலேயே கழியும். இதையொட்டி எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. பையன் போயே தீரவேண்டும் என்றான். தாயாரை விட்டுப்போக எங்களுக்கு மனமில்லை. இறுதியில் அவ்வூரிலேயே ஓரிரவு தங்குவது என்று முடிவு செய்தோம். காலை உணவு முடித்து நிதானமாகப் புறப்பட்டு, நண்பகலில் சேர்ந்து, இளைப்பாறி, பிற்பகல் 3 மணிக்குக் கோயிலுக்குச் சென்றோம். காலைக் கூட்டம் முழுவதும் திரும்பிவிட்டிருந்தது. தங்கும் செலவு சிறிது மிகுந்தது உண்மையே. வேறோர் ஊரை விட்டதால் அதனை ஈடுசெய்துகொண்டோம்.

ஆற்றோடு வடக்கே

பத்தாம் நாள் காலை ஃபிலே கோயில். அணைகளால் நீரில் ஆழ்ந்த அதையும் 1972 முதல் 1980 வரை அருகிலுள்ள அகில்கியா தீவுக்கு மாற்றினர். எகிப்தின் சித்திர எழுத்தில் இன்று தேதி அறியக் கிடைக்கும் கடைசிக் கல்வெட்டு, கி.பி. 394இல் வெட்டப்பட்டது, இங்கேதான் உள்ளது. அன்று நண்பகல் படகேறினோம்.

வழியில் இரண்டே கோயில்கள். இரு தெய்வங்களுக்கு இரு கருவறைகளை அருகருகே கொண்ட கோம் ஓம்போ ஒரு மாலை. எட்ஃபூ மறுநாள் காலை. எட்ஃபூ கோயில் கி.மு. 237இல் தொடங்கி, கி.மு. 57இல் முடிந்தது, கூரையோடு முழுமையாக நிற்பது. உயர்ந்த முகப்பு, திறந்த முற்றம், தூண் மண்டபம், அதனுள் மற்றொரு மண்டபம், இறுதியில் இருண்ட கருவறை என்று செல்லச் செல்லத் தரை சிறிது சிறிதாக உயர்கிறது, கூரை தாழ்கிறது, ஒளி குறைகிறது. நம் கோயில்களில் கோபுர வாயிலிலிருந்து உள்ளே நடந்து பழகிய கால்களுக்கு இந்த அமைப்பை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஒரு கணக்கையும் இங்கே குழந்தைகளுக்குச் சொன்னோம்: பெரிய பிரமிடுக்கும் எட்ஃபூவுக்கும் இடைப்பட்ட காலம், எட்ஃபூவுக்கும் நமக்கும் இடைப்பட்ட காலத்தைவிட நீண்டது.

லக்ஸரில் நதியின் கிழக்குக் கரை வாழ்வோர்க்கு. மேற்குக் கரை மாண்டோர்க்கு. மேற்கே அரசர் பள்ளத்தாக்கில் 60க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. பொது அனுமதிச்சீட்டுக்கு மூன்றைக் காணலாம்; துட்டன்காமன் கல்லறை போன்ற சிலவற்றுக்குத் தனிச்சீட்டு. ஆழத்தில் இறங்கவேண்டியவற்றை விட்டு, சரிவு குறைந்த நான்காம் ராம்சேஸின் கல்லறையைத் தாயாருக்காகத் தேர்ந்தோம். கூரையில் வானதேவதையின் ஓவியம் இன்றும் வண்ணம் மாறாமல் இருக்கிறது. இக்கல்லறைகளை அமைத்த தொழிலாளர் வாழ்ந்த தேர் எல்-மதீனா என்ற சிற்றூரும் அருகில் உள்ளது. கி.மு. 12ஆம் நூற்றாண்டில், கூலியான தானியம் உரிய காலத்தில் வாராமையால், அவர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அச்செய்தி பாப்பிரஸ் ஏட்டில் பதிவாகியிருக்கிறது.

பதினான்காம் நாள் காலை கர்னாக். 134 தூண்கள் கொண்ட மண்டபத்தைக் கடைசிக்கு வைத்ததன் காரணம், அதனைக் கண்டபின் வேறெதுவும் சிறிதாகத் தோன்றும் என்பதே. அன்று மாலை விளக்கொளியில் லக்ஸர் கோயில். பழங்காலத்தில் ஓபெத் விழாவின்போது, கர்னாக்கின் அமுன் தெய்வத்தைப் படகு வடிவ வாகனத்தில் எழுந்தருளச் செய்து, தோளில் சுமந்து இங்கே கொண்டுவந்தனர். “உற்சவர் புறப்பாடுதான்” என்றார் தாயார்.

உணவும் பிறவும்

சைவ உணவினர் அஞ்சவேண்டியதில்லை. சோறு, பருப்பு, மாக்கரோனி, கொண்டைக்கடலை, வறுத்த வெங்காயம், தக்காளிச் சாறு கலந்த குஷரி எங்கும் கிடைக்கும். மொச்சை இனத்தைச் சேர்ந்த ஒரு பயற்றை வேகவைத்த ஃபூல், அதையே அரைத்துப் பொரித்த தாமியா ஆகியவை நம் நாவுக்கு ஏற்றவை. பின்னது மசால்வடையின் உறவு என்றே சொல்லலாம். பருப்பு சூப்பும் கீரைக் குழம்பும் இறைச்சிச் சாற்றில் செய்யப்படுவதுண்டு; கேட்டு உண்ணவேண்டும். பல இடங்களில் அனுமதிச்சீட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை. வங்கி அட்டை வேண்டும். சிறு உதவிக்கும் அன்பளிப்பு எதிர்பார்ப்பர்; சில்லறை கையில் இருக்கட்டும். நுழைவு அனுமதி விதிகளைப் பிரயாணச்சீட்டு வாங்குமுன்பே தூதரகத்தில் விசாரித்துக்கொள்க.

விட்டுவந்த இடம்

செங்கடற்கரையில் குஸைர் அல்-கதீம் என்ற பழந்துறைமுகம் உண்டு. அங்கு அகழ்ந்தபோது, ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பானை ஓடுகளில் தமிழ்-பிராமி எழுத்துக்கள் கிடைத்தன. கணன், சாதன் என்ற பெயர்களும், உறியில் வைக்கும் பானையைக் குறிக்கும் சொல்லும் அவற்றில் படிக்கப்பட்டுள்ளன. தெற்கே பெரனிகே துறைமுகத்தில் ஓர் இந்தியச் சாடியில் ஏழு கிலோவுக்கு மேற்பட்ட மிளகு கிடைத்தது. தமிழராகிய எங்களுக்கு அங்கே கால்வைக்க ஆசை இல்லாமலில்லை. ஆயினும் லக்ஸரிலிருந்து பாலைவனத்தைக் கடந்து போகவர ஒரு முழு நாள் வண்டியில் கழியும். அவ்வோடுகளும் இன்று அம்மணலில் இல்லை. எங்கள் விதிகளைக் காத்துக்கொண்டு, அதனை விட்டோம். அலெக்ஸாந்திரியாவையும் அவ்வாறே விட்டோம். விட்டவை பற்றி இன்று வருத்தமில்லை.

திரும்பி வந்தபின் ஒன்று தோன்றிற்று. ஊருக்குச் செல்லும் விடுமுறையையும் நாம் அந்த ராஜஸ்தான் பிரயாணம் போலவே நடத்துகிறோம்: பத்து நாட்களில் பன்னிரண்டு வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு காப்பி, வாயிலில் காத்திருக்கும் வண்டி. வரும் ஆடியில் தாயாரோடு திருவையாற்றுப் பக்கம் செல்கிறோம். எங்கள் பெண் மறுபடியும் கட்டங்கள் வரைந்திருக்கிறாள். அவற்றுள் மூன்று கட்டங்களில் ஒன்றும் எழுதவில்லை. அப்படித்துறை இன்னும் இருக்கிறதா, எத்தனை படிகள் உள்ளன என்று எண்ணிவர அவை போதும் என்கிறார் தாயார்.